பாட்டுக்குப் பேர் உண்டு: கே.ஏ. குணசேகரனின் குரலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நாட்டுப்புறப் பாடல் என்றால் என்ன என்ற கேள்விக்கு எம்.ஏ. தமிழ்த் தேர்வில் எழுதுவதற்கென்றே ஒரு விடை உண்டு. வாய்மொழியாகப் பரவுவது, ஆசிரியர் பெயர் தெரியாதது, கூட்டுப் படைப்பு, எளிமையானது, மண்வாசனை உடையது. நானும் எழுதினேன், மார்க்கும் போட்டார்கள். மற்றவை எப்படியோ போகட்டும். 'ஆசிரியர் பெயர் தெரியாதது' என்பது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. யாருக்குத் தெரியாதது? நடவு வயலில் பாட்டெடுத்துக் கொடுக்கிற கிழவியின் பேர், பக்கத்தில் குனிந்து நடுகிற பெண்ணுக்குத் தெரியும். எழவு வீட்டில் மாரடித்துப் பாடுகிறவள் யார் மகள், எந்த ஊருக்கு வாக்கப்பட்டவள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். தெரியாமல் போனது நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தவருக்குத்தான். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அச்சில் வரவில்லை. ஆக, 'தெரியாதது' என்று ஏதோ மழை பெய்யாமல் போனதுபோலச் சொல்லப்படுவது, உள்ளபடி ஒரு செயல். அதற்குச் செய்தவர் உண்டு, செய்யப்பட்டவர் உண்டு. இதைப் பெயரழிப்பு என்று அழைக்கலாம்.

கே.ஏ. குணசேகரனின் (1955–2016) பாட்டு வாழ்க்கையை இந்த இடத்திலிருந்து வாசிக்கவே இக்கட்டுரை முயல்கிறது. அவரைப் பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர், பேராசிரியர், தன்வரலாற்றாசிரியர் எனத் தனித்தனி அறைகளில் வைத்துப் பேசுவதுதான் வழக்கம். அஞ்சலிக் கூட்டங்களிலும் அப்படித்தானே பிரித்துப் பேசுகிறோம்: இவர் நாடகம் பற்றி, அவர் பாட்டு பற்றி. ஆனால் இந்த அறைகள் எல்லாவற்றிலும் அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குப் படுகிறது. 'யாரு பாட்டு இது?'

2

சிவகங்கை மாவட்டம் இளையான்குடிப் பக்கம் மாரந்தை அவர் ஊர். அப்போது ஒருங்கிணைந்த இராமநாதபுரம் மாவட்டம். பறையர் சமூகத்தில் பிறந்தவர். 2005இல் வெளியான 'வடு' அவருடைய இளமைக்காலத்தைச் சொல்கிற நூல். பாமாவின் 'கருக்கு' (1992), ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) என்ற வரிசையில் வைத்துப் படிக்கப்படுவது. 'வடு'வில் இலக்கிய அலங்காரம் கிடையாது. சொல்லிக்கொண்டே போகிற பேச்சு. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பிரதிக்குக் காது ரொம்பக் கூர்மை: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில். இளையான்குடி முஸ்லிம் தெருக்களில் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள முடிகிறது. சுற்றுக் கிராமங்களில் அது முடியாது. அங்கே வாயைத் திறந்தாலே சாதி வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகச் சாதிப்பேர் சொல்லி எழுந்திருக்கச் சொல்கிறார்கள். பேர் சொல்லி அழைக்கப்பட வேண்டிய பையன் சாதி சொல்லி அழைக்கப்படுகிறான். பின்னாளில் பாட்டுக்குப் பேர் உண்டா இல்லையா என்று கேட்ட மனிதனுக்கு, பேர் என்பது வெறும் ஆய்வுப் பிரச்சினையாக இருந்திருக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மதுரையில் தமிழ் படித்தார். நாட்டுப்புற இசையிலும் ஆட்டத்திலும் ஆய்வு செய்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தார். இது ஒரு கால். இன்னொரு கால் மேடையில்: இடதுசாரிக் கூட்டங்கள், கலை இரவுகள், அப்புறம் அம்பேத்கர் நூற்றாண்டை (1990–91) ஒட்டி எழுந்த தலித் எழுச்சியின் மேடைகள். அவருடைய குழுவின் பேர் 'தன்னானே'. கேசட்டுகளும் வந்தன.

தன்னானே என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பொருள் இல்லாததுதான் அதன் வேலையே. நடவிலோ, ஏற்றம் இறைக்கையிலோ, கும்மியிலோ பாட்டெடுப்பவர் அடுத்த அடியை யோசிக்கவும் மூச்சு வாங்கவும் ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் கூட்டம் 'தன்னானே' என்று நிரப்பும். எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், ஏந்திக்கொள்பவர் பலர். கறுப்பினத் தேவாலயப் பாட்டில் போதகர் ஒரு வரியை வீச, சபை அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறதே, அதே அமைப்பு. அங்கே அந்தத் தேவாலயக் குரல் 1950களில் ரே சார்லஸ் போன்றவர்கள் வழியாக வெளியே வந்து 'சோல்' என்ற இசையானது. இங்கே வயலின் குரல் மேடைக்கு வந்தது. கூட்டுப் படைப்பு என்கிறோமே, அதன் உண்மையான வடிவம் இதுதான். ஆசிரியர் இல்லாத படைப்பு என்று இதைச் சொல்ல முடியாது. எடுப்பவருக்குப் பேர் உண்டு, ஏந்துகிறவர்களுக்கும் பேர் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று விழுங்குவதில்லை. குழுவுக்குத் தன்னானே என்று பேர் வைத்ததை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

3

தமிழில் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்து அச்சில் கொண்டுவந்தவர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. கி.வா. ஜகந்நாதன், நா. வானமாமலை போன்றவர்கள் இல்லையென்றால் நமக்கு இந்தத் துறையே இல்லை. குறிப்பாக வானமாமலை, 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கி, நாட்டார் பாடல்களை வர்க்கப் போராட்டத்தின் ஆவணமாகப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர். ஆனாலும் அச்சுக்கு என்று ஒரு வரம்பு உண்டு. பாட்டை அச்சிடும்போது மெட்டு விழுந்துவிடுகிறது. மெட்டோடு மூச்சு விழுந்துவிடுகிறது. மூச்சோடு பாடிய உடம்பும் விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது சொற்கள். அவற்றைக் காதல், தொழில், தாலாட்டு, ஒப்பாரி என்று வகைபிரித்து ஒரு பொருளடக்கம் போட்டுவிடலாம். பாடியவர் 'தகவலாளி' ஆகிவிடுகிறார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவருக்கு ஓர் எண் கிடைக்கும்.

இது நமக்கு மட்டுமான கதை அல்ல. 1933இல் ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கத் தென்மாநிலச் சிறைகளுக்குப் போனார்கள். கறுப்புக் கைதிகளிடம் 'கலப்படமில்லாத' பாட்டு கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. லூசியானாவின் அங்கோலா சிறையில் கிடைத்தவர் ஹடி லெட்பெட்டர், உலகம் 'லெட் பெல்லி' என்று அறிந்த பாடகர். விடுதலையானதும் லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார், அவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார், சினிமாச் செய்திப்படத்துக்காக மறுபடியும் கைதி உடுப்பு மாட்டிக்கொண்டார். பாட்டின் காப்புரிமையில் சேகரித்தவர் பேரும் ஏறியது. 1949 டிசம்பரில் அவர் செத்துப்போனார். அடுத்த ஆண்டே அவர் பாடிப் பரப்பிய 'குட்நைட், ஐரீன்' பாட்டை வீவர்ஸ் என்ற வெள்ளையர் குழு பாட, அமெரிக்கா முழுக்க அதுதான் முதலிடம். லோமாக்ஸைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் சுலபம். அவர்கள் பதிவு செய்யாவிட்டால் அந்தக் குரல்களே நமக்கு இல்லை. சிக்கல் தனிமனிதர்களில் இல்லை. சேகரிப்பவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்துகிடந்த அமைப்பில் இருந்தது. ஒருவருக்குக் கருவி, எழுத்து, கையெழுத்து. இன்னொருவருக்குத் தொண்டை மட்டும்.

குணசேகரனிடம் இந்தப் பிரிவினை உடைகிறது. சேகரிப்பவரும் அவரே, பாடுகிறவரும் அவரே, ஆய்வுரை எழுதுபவரும் அவரே. 'தகவலாளி'யின் பிள்ளை ஆய்வாளனாகி மேடையேறித் தகவலைப் பாடிக் காட்டினால் என்ன ஆகும்? ஆய்வின் இலக்கணமே குழம்பிப்போகும். புறவயம், இடைவெளி, நடுநிலை என்றெல்லாம் சொல்கிறோமே, அவை தனக்கும் பாடுகிறவருக்கும் உறவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ளும் சௌகரியம் என்பது வெளியே தெரிந்துபோகும். அவருடைய குரல் எடுத்த எடுப்பிலேயே மேலே நிற்கிற குரல். மைக் இல்லாத வெட்டவெளியில் பத்து ஏக்கருக்குக் கேட்கவேண்டிய பாட்டின் சுருதி அது. நாட்டுப்புற இசையைச் சாஸ்திரிய இசையின் மழலை என்று பார்க்கிறவர்களுக்கு இந்தக் குரல் 'கத்தலாக'த் தெரியலாம். உள்ளே உட்கார்ந்து பாடுவதற்கென்று வளர்ந்த குரலை அளவுகோலாக வைத்து வெயிலில் நின்று பாடிய குரலை அளந்தால் வேறெப்படித் தெரியும்?

4

இரண்டாவதாக அவர் செய்தது, 'நாட்டுப்புறம்' என்ற சொல்லைச் சும்மா விடாதது. அவருடைய நூல்களில் ஒன்றின் தலைப்பே 'சேரிப்புறவியல்'. தலைப்பு ஒன்றே போதும், ஒரு துறையின் மௌனத்தை உடைக்க. நாட்டுப்புறம் என்றால் என்ன? பச்சை வயல், மாட்டு வண்டி, வெள்ளந்தி மனிதர்கள், மண்வாசனை. நகரத்து நடுத்தர வர்க்கம் தன் ஏக்கத்துக்காகக் கட்டிவைத்த ஒரு நாடு அது. அந்த நாட்டில் ஊர் உண்டு, சேரி கிடையாது. ஆனால் தமிழ்க் கிராமம் ஊர் என்றும் சேரி என்றும் பிளந்துதானே கிடக்கிறது? பாட்டும் அப்படித்தான் பிளந்திருக்கும். ஊர் கேட்கப் பாடிய பாட்டு வேறு, சேரிக்குள் பாடிக்கொண்ட பாட்டு வேறு. ஊர்த் திருவிழாவில் பறையடித்தவருக்கு அது கலை அல்ல, அடிமைத் தொழில். அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இங்கே 1990களில் நடந்த ஒரு விவாதத்தை ஞாபகப்படுத்த வேண்டும். பறையடிப்பதை விட்டுவிடுவதே விடுதலை என்று ஒரு தரப்பு. எழவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்க மறுத்து, அதற்காகவே அடிவாங்கிய ஊர்கள் உண்டு. இன்னொரு தரப்பு, பறை நம்முடையது, இழிவு பறையில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது, ஆகவே அதைப் போராட்டத்தின் கருவியாக மேடையேற்றுவோம் என்றது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இவை எதிரெதிர் நிலைகள். குணசேகரன் இரண்டாவது தரப்பில் நின்றவர். ஆனால் அவருடைய பாட்டும் எழுத்தும் சேர்ந்து சொல்வதைக் கேட்டால், இரண்டு தரப்பும் ஒரே உரிமையைத்தான் கோரின எனத் தோன்றுகிறது. அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவன் முடிவு செய்யட்டும் என்பதே அது. கூலிக்காரன் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிற அன்றைக்குத்தான் அவனுடைய 'சரி' கலையாகிறது.

'பலியாடுகள்' நாடகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் குறிப்பிடுவது. பலி என்ற சடங்கு எப்படிச் சாதிப்படிநிலையில் மேலிருந்து கீழே தள்ளிவிடப்பட்டுக் கடைசியில் ஒரு தலித் பெண்ணின் தலையில் போய் விடிகிறது என்பது அதன் மையம். சேரிக்குள்ளும் ஒரு கீழ் உண்டு, அங்கே பெண் நிற்கிறாள் என்பதை அவர் அறியாதவர் அல்ல.

அறிந்தவர் என்பதாலேயே ஒரு கேள்வியையும் வைக்கலாம். நாம் நாட்டுப்புறப் பாட்டு என்று கொண்டாடும் தாலாட்டு, ஒப்பாரி, நடவு, கும்மி ஆகியவற்றைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேடையில் அந்தப் பாட்டுகளின் முகமாக நின்றது பெரும்பாலும் ஆண். குணசேகரனின் குழுவில் பெண்கள் பாடினார்கள். சின்னப்பொண்ணு அவருடைய வழிகாட்டலில் வெளியே வந்தவர்தான். என்றாலும் பெண்ணின் புலம்பல் ஆணின் முழக்கமாக மாறும்போது எதையோ இழக்கிறது. முழக்கத்துக்கு எதிரி வெளியே இருக்கிறான். ஒப்பாரிக்கு எதிரி சிலசமயம் அதே கூரைக்குக் கீழே இருக்கிறான். இயக்க மேடைகளுக்கு முதலாவதுதான் தோதாக இருந்தது. இது குணசேகரன் ஒருவர்மேல் வைக்கிற குறை அல்ல. நம் மேடைகள் எல்லாவற்றின் மேலும்தான்.

5

இனி அந்தப் பாட்டுக்கு வருவோம். 'மனுசங்கடா'. எழுதியவர் இன்குலாப். பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனவர் குணசேகரன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோன பிறகு வந்த தலைமுறை தனக்காகக் கண்டடைந்த பாட்டு. பலருக்கும் இது 'குணசேகரன் பாட்டு'. இன்னும் பலருக்கு யார் பாட்டென்றே தெரியாது, ஆனால் பாட்டு தெரியும்.

வரிகளுக்குள் போகாமல் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'மனிதர்கள்' என்று எழுதாமல் 'மனுசங்க'. மேடைத் தமிழின் மனிதனுக்கு மனிதநேயம், மானுடம் எல்லாம் உண்டு. கூலி கேட்டு நிற்கிறவன் மனுசன். அடுத்தது அந்த 'டா'. கிராமத்தில் 'டா' ஒரு திசையில்தான் போகும், மேலிருந்து கீழே. அறுபது வயதுச் சேரிக்காரரை ஆறு வயது ஊர்ப்பையன் 'டா' போட்டுக் கூப்பிடுவான். அவர் அவனைச் 'சின்னய்யா' என்று அழைக்க வேண்டும். அந்த ஒற்றை எழுத்தைக் கீழிருந்து மேலே திருப்பி விட்டதுதான் இந்தத் தலைப்பின் அரசியல். 'நாங்கள் மனிதர்கள்' என்பது மனு. 'மனுசங்கடா' என்பது மனு அல்ல. மரியாதைப் பன்மையின் இலக்கணத்தையே அது கலைத்துப் போடுகிறது. 'வடு'வில் கூப்பிடும் முறைகளை அத்தனை கவனமாகப் பதிவு செய்தவர் இந்தப் பாட்டைத் தன் தொண்டையில் ஏற்றியதில் ஆச்சரியம் இல்லை. எழுதியவர் கீழக்கரையில் பிறந்த முஸ்லிம், இயற்பெயர் சாகுல் அமீது. பாடியவர் இளையான்குடிப் பக்கத்துத் தலித். இருவருமே பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். அந்த வறண்ட மண்ணில் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள முடிந்த இரண்டு தெருக்களின் பாட்டு இது என்றும் சொல்லலாம்.

இன்குலாப் சென்னை புதுக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். தாம்பரத்தைத் தாண்டி ஊரப்பாக்கத்தில் குடியிருந்தார். 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் குணசேகரன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று இன்குலாப். அவருடைய உடல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி அவருக்கு விருது அறிவித்தபோது குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2017இல் வந்த அம்ஷன் குமாரின் திரைப்படத்துக்கும் 'மனுசங்கடா' என்றே பேர். செத்த தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுபோக விடாத ஊரைப் பற்றிய படம். எழுதியவரும் பாடியவரும் ஒரே வருஷத்தில் போனார்கள். பாட்டுக்கு வேலை தீரவில்லை.

இங்கேதான் நான் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். 'மனுசங்கடா' யார் பாட்டென்று தெரியாமலே பாடப்படுகிறது. ஒரு இயக்கப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் உண்டா என்று தோழர்கள் கேட்பார்கள். உண்மைதான். பாட்டு எழுதியவன் கையை விட்டுப் போய்க் கூட்டத்தின் வாயில் சேர்வது, எழுதியவனே விரும்பிச் செய்கிற பெயர் துறப்பு. காப்புரிமை கேட்டு இன்குலாப் எந்த ஊர்வலத்தையும் நிறுத்தவில்லை. ஆனால் துறப்பதற்கு முதலில் ஒன்று கைவசம் இருக்க வேண்டும் அல்லவா? பேர் உள்ளவன்தான் பேரைத் துறக்க முடியும். நடவுக் கிழவிக்குத் துறக்கிற வாய்ப்பே தரப்படவில்லை; அவள் பேர் அழிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான், 'ஆசிரியர் பெயர் தெரியாது'. அதிகாரத்தின் திசையைப் பார்த்தால் இரண்டும் நேர் எதிர். ஒன்று கொடை, மற்றது கொள்ளை. குணசேகரனின் வாழ்க்கை முழுதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த வேலை. இன்குலாப்பின் பாட்டைக் கூட்டத்துக்குக் கொடுத்தது ஒரு கை. கூட்டத்தின் பாட்டுக்குச் சேரி என்ற முகவரியைத் திரும்ப எழுதியது மறு கை.

6

கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியில் பாட வேண்டுமானால் தேர்வுக்குப் போய் நிற்க வேண்டும். சினிமாவில் பாட வேண்டுமானால் கோடம்பாக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டும். கேசட்டுக்கு இரண்டும் தேவையில்லை. ஒருமுறை பதிந்துவிட்டால் இரண்டு அறை உள்ள டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிற எந்த டீக்கடைக்காரரும் நகல் எடுத்துவிடலாம். மாநாட்டு வாசலில் விற்கலாம், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் போடலாம். 1980களிலும் 90களிலும் இயக்கப்பாட்டு ஊருக்குள் போனது பெரும்பாலும் இப்படித்தான். நகல் எடுக்க எடுக்க அட்டை போய்விடும், அட்டையோடு பேரும் போய்விடும். பரவலுக்கு உதவிய அதே கருவி பெயரழிப்புக்கும் உதவியது என்பது இதன் முரண்.

பாவலர் வரதராசன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். அந்தத் தம்பிகளில் ஒருவர் சினிமாவுக்குப் போய் 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வயற்காட்டு மெட்டுகளைத் தமிழ்நாடு முழுக்க ஒலிக்கச் செய்தார். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனது அந்தப் பாதை. குணசேகரன் மேடையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனார். 'இசைமொழியும் இளையராஜாவும்' என்று ஒரு நூலே எழுதினார் என்பதால், அந்தப் பாதையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். சேரிப்புறவியல் எழுதியவர் தமிழாராய்ச்சியின் நாற்காலியில் உட்கார்ந்ததை நிறுவனம் அவரை விழுங்கியதாகவும் படிக்கலாம், அவர் நிறுவனத்துக்குள் புகுந்ததாகவும் படிக்கலாம். நாற்காலியை எளிதாக ஏளனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த நாற்காலி தங்களுக்கு எப்போதும் திறந்திருந்தவர்கள். எனவே நான் அந்த ஏளனத்தில் சேரவில்லை. ஆனால் நாற்காலி ஒரு ஆளுக்குத்தான் இடம் தரும். அவரோடு பாடிய குழுவினருக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆய்வாளராகவும் இருந்ததால் அவருக்குச் சம்பளம் இருந்தது. பாடகராக மட்டும் இருந்தவர்களுக்கு மேடைக்கு மேடை கிடைக்கும் கூலிதான்.

சின்னப்பொண்ணுவைச் சினிமா கண்டுகொண்டது. 2005இல் 'சந்திரமுகி', 2008இல் 'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க'. பாட்டு மூலைமுடுக்கெல்லாம் போனது. அது எந்த மேடையில், யாருடைய பயிற்சியில் வளர்ந்த குரல் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கிராமியக் கலைகளைக் கொண்டுவந்தது. 2023இல் மறுபடியும் தொடங்கியது. கலைஞர்களுக்குப் பொங்கல் சமயத்தில் சம்பாத்தியம். நல்லதுதான். ஆனால் அறிவிப்பில் ஆட்டத்தின் பேர் இருக்கும், மாவட்டத்தின் பேர் இருக்கும், ஆடுகிறவரின் பேர் எத்தனை தடவை இருக்கும்?

பேர் உள்ளவர்களுக்கே சிக்கல் தீரவில்லை என்பதை 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' காட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவைச் சுமந்து அறிவு எழுதிப் பாடிய பாட்டு அது. உடன் பாடியவர் தீ, தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று இன்னொரு அட்டை வந்தது. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. பாட்டு யாருடையது என்று இரண்டு தரப்பும் அறிக்கை விட்டன. தனிப்பட்டவர்களில் யார் சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. ஒப்பாரியின் இழுப்பும் பாட்டியின் பேச்சும் பாட்டுக்குள் போனபிறகு 'எழுதியது', 'இசையமைத்தது', 'தயாரித்தது' என்று மூன்று கட்டம் போட்டுப் பேர் நிரப்பும் படிவத்தில் அவற்றுக்கு என்ன கட்டம்? குணசேகரன் ஆயுள் முழுக்கக் கேட்ட கேள்வி, ஒப்பந்தப் படிவத்தின் மொழியில் திரும்ப வந்து நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

7

இவ்வளவையும் தாம்பரம் பக்கத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தென்மாவட்டக்காரர்கள் சென்னையில் முதலில் கால் வைக்கிற இடம் இதுதான். பெருங்களத்தூரில் விடியற்காலை மூட்டையோடு இறங்கினார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபிறகு அங்கே இறங்குகிறார்கள், இன்குலாப் வாழ்ந்த ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே. சித்தாள், கொத்தனார், செக்யூரிட்டி, ஓட்டல் சமையல், கம்பெனி வேன். அவர்களோடு பாட்டும் இறங்குகிறது. குரோம்பேட்டையிலும் முடிச்சூரிலும் எழவு வீடுகளில் இராமநாதபுரத்து ஒப்பாரியைக் கேட்கலாம். பீச்–தாம்பரம் மின்ரயிலில் பார்வையற்ற பாடகர்கள் தோளில் ஒலிபெருக்கியோடு பெட்டி பெட்டியாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். பழைய சினிமாப் பாட்டுத்தான். ஆனால் எந்த ஸ்டேஷன் தாண்டி எந்தப் பாட்டு எடுக்கணும், கூட்டத்தில் எவ்வளவு ஏத்தணும் என்பது அவர்கள் கட்டிய கலை. நாட்டுப்புறம் நகரத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்பதை ஏற்காமல் 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்' என்று குணசேகரன் ஒரு நூல் எழுதினார். அந்தக் கோணத்தில் பார்த்தால் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு பெரிய ஆவணக்காப்பகம் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடகர்களின் பேர் என்ன? தினம் அதே வண்டியில் போகிற நமக்கே தெரியாது.

எழுதுகிறவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஆக நான் சொல்ல முனைவது சிக்கலான கோட்பாடு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் 'மனுசங்கடா' பாடுவதற்கு முன் எழுதியவர் இன்குலாப், பாடிக் கொடுத்தவர் கே.ஏ. குணசேகரன் என்று ஒரு வரி சொல்லலாம். இதனால் பாட்டு தனிச்சொத்து ஆகிவிடாது. கலை இரவுக்குப் பறைக்குழு வந்தால், 'பறையாட்டக் குழு' என்று மட்டும் நோட்டீஸ் அடிக்காமல் ஆறு பேரின் பேரையும் அடிக்கலாம். அச்சுக்கூலி கூடப் போவதில்லை. செல்போனில் ஒப்பாரி பதிவுசெய்கிறவர்கள், பாடுகிற அம்மாவிடம் பேரையும் கேட்டு, பேர் போடலாமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அது அவருடைய துறப்பு. கேட்காமலே விட்டால் அது நம்முடைய அழிப்பு.

குணசேகரன் பாடிய பாட்டுகள் யூட்யூபில் கிடக்கின்றன. சிலவற்றின் கீழே 'கிராமியப் பாடல்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.